பள்ளி எப்போது பள்ளியாக இல்லாமற் போகும்? – புனிதம் நீங்குதல் பற்றிய சொற்கள் சில

‘பிரதிஷ்டை’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன? தமிழ்ப் பாடத்தில் எதிர்ச்சொல் கேட்பது எங்களுக்கு வழக்கம். இன்பம் என்றால் துன்பம், வரவு என்றால் செலவு. ஆனால் ஓர் இடத்தையோ பொருளையோ புனிதமானதாக ஆக்குவதற்கு இத்தனை சொற்களை வைத்திருக்கும் தமிழில், அந்த நிலையை முறைப்படி எடுத்துவிடுவதற்குப் பொதுவான ஒரு சொல் இல்லை. அகராதி தயாரிப்பவர்கள் ‘புனிதம் நீக்கல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். புனிதத்தைக் கெடுப்பது வேறு, புனித நிலையை நீக்குவது வேறு. கெடுப்பதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தீட்டு, மாசு, அசுத்தம், களங்கம் என்று அடுக்கலாம். பழைய தமிழ் பைபிளில் ‘பரிசுத்தக்குலைச்சல்’ என்றொரு சொல் உண்டு. வாய் நிறையச் சொல்லிப் பார்த்தால் அதன் கனம் தெரியும். இவையெல்லாம் குற்றச்சாட்டுச் சொற்கள். யாரோ ஒருவன் செய்யக் கூடாததைச் செய்துவிட்டான் என்பதே இவற்றின் பொருள். நான் தேடுவது குற்றமில்லாத சொல்லை. ஒரு வணக்கத்தலத்தை உரியவர்களே, மரியாதையோடு, ‘இனி இது அதுவல்ல’ என்று சொல்லி விடைபெறும்போது எந்தச் சொல்லைப் பாவிக்கிறார்கள்?

நான் இருக்கும் ஸ்பிரிங்வெளிப் பக்கம் இந்தக் கேள்விக்கு விடை தேட நல்ல இடம். (பெயரைப் பாருங்கள். பள்ளத்தாக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நம் வாயில் ‘வெளி’ ஆகிவிட்டது. தமிழ் வெளிக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் அதைத் தமிழென்றே நினைக்கிறார்கள்.) லயன்களின் நடுவே மாரியம்மன் கோயில், கொஞ்சம் தள்ளிக் கிறிஸ்தவ ஆலயம், பதுளைக்கு இறங்கினால் முதியங்கனை விகாரை, டவுனில் எங்கள் பள்ளி. ஒரே பஸ்ஸில் போகும் நான்கு சமூகத்தாரிடமும் இதற்கு நான்கு விதமான பேச்சு இருக்கிறது.

தோட்டத்துத் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் கரகம் பாலித்து எடுத்து வருவார்கள். அது லயம் லயமாகச் சுற்றும். அப்போது அந்தச் செம்பு செம்பல்ல, அம்மன். கடைசி நாளில் ‘கரகம் குடிவிடுதல்’ நடக்கும். தண்ணீருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். திரும்பி வரும்போது கையிலிருப்பது வெறும் செம்பு, கழுவிக் கவிழ்த்து வைக்கலாம். சாமியாடுகிறவர் விழுந்து எழுந்ததும் ‘சாமி மலையேறிருச்சு’ என்பார்கள். அதன்பின் அவர் எங்களோடு தேத்தண்ணி குடிக்கிற அதே ஆள். விளக்கை அணைப்பதற்கும் ‘மலையேற்றுதல்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரிய கோயில்களில் திருப்பணி தொடங்கும்போது பாலஸ்தாபனம் செய்வார்கள். மூலவரிலிருந்து சக்தியைக் கும்பத்துக்கு இழுத்தெடுக்கும் சடங்குக்குக் கலாகர்ஷணம் என்று பெயர். அது முடிந்தபிறகுதான் சிற்பாசாரி கல்லில் உளி வைப்பார். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் மறுபடி அழைத்து இருத்துவார்கள்.

இந்தச் சொற்களின் வினைகளைக் கவனியுங்கள். விடுதல், ஏறுதல், இழுத்தல், மாற்றி வைத்தல். எல்லாமே போக்குவரத்து வினைகள். யாரோ வந்திருக்கிறார், இப்போது போகிறார். புனிதம் என்பது வந்தவரோடு வருகிறது, போகிறவரோடு போகிறது. இது நேற்று வந்த பேச்சல்ல. புறநானூற்றின் 52ஆம் பாட்டில், போரில் பாழான ஊரின் பொதுமன்றம் ஒன்று வருகிறது. அங்கே தூணில் குடியிருந்த தெய்வம் வெளியேறிவிட்டது, பலி நின்றுவிட்டது, முதியவர்கள் சூதாடிக் குழிந்துபோன தரையில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னே அந்தப் புலவருக்கும், இன்று எங்கள் தோட்டத்தில் கரகம் தூக்குகிறவருக்கும் இலக்கணம் ஒன்றே.

தேயிலைத் தோட்டங்களில் ரோதமுனி என்றொரு காவல் சாமி உண்டு. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரச் சக்கரங்களுக்குக் காவல். ‘ரோதை’ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். சக்கரம் சுற்றாமல் ஸ்டோர் பூட்டப்பட்டால் அந்த முனிக்கு என்ன ஆகும் என்று என் மாணவன் ஒருவனின் பாட்டனாரிடம் கேட்டேன். “சக்கரம் நின்னா அவரு எதுக்கு சேர் அங்க நிக்கப் போறாரு?” என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு மானிடவியல் பேராசிரியரும் விளக்க முடியாது.

கிறிஸ்தவர்களிடம், அதிலும் கத்தோலிக்கரிடம், விஷயம் வேறு. அவர்களுக்கு அது ஓர் அதிகாரத்தின் சொல். ஆலயத்தை நேர்ந்தளிப்பதும், ஜெபமாலையை மந்திரிப்பதும் குருவானவரின் அல்லது ஆயரின் செயல். அதை நீக்குவதும் அப்படியே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1212ஆம், 1222ஆம் பிரிவுகள் இதைப் பற்றியவை. ஆலயத்தின் பெரும்பகுதி அழிந்துபோனாலோ, நிலையாக உலகியல் பாவனைக்கு விடப்பட்டாலோ அது தன் நேர்ந்தளிப்பை இழக்கும். இனி வழிபாட்டுக்குப் பாவிக்க முடியாது, திருத்தவும் வழியில்லை என்றானால், உலகியல் பாவனைக்கு அதை விடும் அதிகாரம் ஆயருக்கு உண்டு. ஆனால் அந்தப் பாவனை இழிவானதாக இருக்கக் கூடாது. அதனால்தான் ஐரோப்பாவில் பழைய தேவாலயங்கள் நூலகமாகவும் கச்சேரி மண்டபமாகவும் மாறியிருப்பதைப் பார்க்கிறோம். லத்தீனில் ‘புனிதமற்றது’ என்பதற்கான சொல்லின் வேர்ப்பொருள் ‘கோயிலுக்கு முன்னால் உள்ளது’ என்பதாகும். வாசலுக்கு வெளியே இருப்பது, அவ்வளவுதான். அதில் வசையில்லை.

பௌத்தத்தில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று இருக்கிறது. பிக்குமார் தங்கள் சங்கக் கருமங்களைச் செய்ய ஓர் எல்லையை வகுப்பார்கள். அதற்குச் சீமை என்று பெயர். நாம் ‘சீமைத்துரை’ என்கிறோமே, அதே சொல்தான். அந்த எல்லையை நீக்கவும் விநயத்தில் முறை இருக்கிறது. பாளியில் அதைச் ‘சீமா சமுக்காதம்’ என்பார்கள். பழைய எல்லை கிடந்தால் புது எல்லை செல்லாது. ஆகவே முதலில் சங்கம் கூடிப் பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். காணி அளக்கிற வேலையைப் போல அத்தனை துல்லியம்.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

புனித நிலையை முறைப்படி களைவதற்கு நம்மிடம் சொல் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அழகான சொல் இருக்கிறது. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர் இஹ்ராம் கட்டுகிறார். அந்தச் சொல்லின் வேர் ஹராம்; ஹரம் ஷரீஃபும் அதே வேர்தான். அதுவரை ஆகுமாயிருந்தவை அவருக்கு விலக்காகின்றன. கிரியைகள் முடிந்து முடி களைந்ததும் அவர் அதிலிருந்து வெளியேறுகிறார். அதற்குப் பெயர் தஹல்லுல். வேர் ஹலால். தொழுகையும் இப்படித்தான். தொழுகையின் தஹ்ரீம் தக்பீர், அதன் தஹ்லீல் ஸலாம் என்று நபிமொழியில் வருகிறது. பூட்டு ஒன்று, திறப்பு ஒன்று. ஸலாம் கொடுத்ததும் பக்கத்திலிருப்பவரோடு கதைக்கலாம்.

ஆனால் இந்தச் சோடிச் சொல் ஆளுக்கும் நேரத்துக்கும்தான் உண்டு. பள்ளிக்கு இல்லை. ஒரு மஸ்ஜிதுக்குத் தஹல்லுல் என்று ஒன்றை எந்தக் கிதாபும் சொல்லவில்லை. ஏன்?

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஓர் இடம் எப்படிப் பள்ளியாகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். குப்பா வைப்பதால் ஆகாது, மினாரா எழுப்புவதாலும் ஆகாது. சொந்தக் காணியில் பள்ளி உருவத்தில் கட்டி ஊராரைத் தொழ விட்டாலும், சொல் இல்லாமல் ஆகாது. உரிமையாளர் வாயைத் திறந்து ‘இதை நான் மஸ்ஜிதாக ஆக்கிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன கணத்தில் ஆகிவிடும். வேறு சடங்கு வேண்டாம், ஆலிம் வர வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஒரு தமிழ் வாத்தியாருக்கு இது எவ்வளவு சந்தோசமான சட்டம் பாருங்கள். ஒரு வாக்கியம் ஒரு நிலத்தின் விதியை மாற்றுகிறது.

அந்த வாக்கியம் என்ன செய்கிறது? எதையும் உள்ளே கொண்டுவந்து இருத்தவில்லை. ஒருவரின் உடைமையை நீக்கியது, அவ்வளவுதான். நம் ஃபுகஹாக்கள் இதை அடிமையை உரிமை விடுவதற்கு ஒப்பிட்டார்கள். உரிமை விட்டவன், மறுநாள் மனம் மாறி ‘வா திரும்பி’ என்று கூப்பிட முடியாது. பள்ளியும் அப்படியே. அடியார்களின் உடைமையிலிருந்து வெளியே போன காணி அது. புனிதம் என்று ஏதாவது அங்கே ஊற்றப்பட்டிருந்தால் வடித்தெடுக்கலாம். யாராவது அழைத்து இருத்தப்பட்டிருந்தால் அனுப்பி வைக்கலாம். இங்கே இரண்டுமில்லை. இமாம் நவவீ (ரஹ்) ‘மின்ஹாஜ்’ நூலில் இதைத் தயவு தாட்சண்யமின்றிச் சொல்கிறார்: பள்ளி இடிந்து விழுந்து, திரும்பக் கட்டுவது இயலாமற் போனாலும், அதை எந்த நிலையிலும் விற்க முடியாது. கூரை இல்லை, சுவர் இல்லை, தொழ ஆளில்லை. ஆனாலும் அது பள்ளி.

கெடுத்தலுக்கும் நீக்கலுக்கும் இடையிலான வேறுபாடு இந்த இடத்தில்தான் நமக்கு மிகத் தெளிவாகிறது. நாட்டுப்புறத்து அரபி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியிலேயே சிறுநீர் கழித்த சம்பவத்தை அறிவோம். ஸஹாபாக்கள் பாய்ந்தார்கள். அவரை விட்டுவிடுங்கள், அதன்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பள்ளிக்கு நேர்ந்தது நஜீஸ், அதற்கு மருந்து தண்ணீர். பள்ளி என்ற நிலைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆகவே அதைத் திரும்பப் பள்ளியாக்க ஒரு சடங்கும் தேவைப்படவில்லை. கோயிலில் அசம்பாவிதம் நடந்தால் சம்புரோட்சணம் செய்வார்கள். கத்தோலிக்க ஆலயம் கடுமையாக அவமதிக்கப்பட்டால் பரிகார வழிபாடு முடியும்வரை அங்கே பூசை வைக்கக் கூடாது என்று அவர்களின் சட்டம் சொல்கிறது. நமக்கு ஒரு வாளி தண்ணீர்.

இது வெறும் கிதாபுச் சங்கதி அல்ல. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அத்தனை பேரும் துரத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பள்ளிகள் ஆளில்லாமல் விடப்பட்டன. கூரை போனது, கதவு நிலை போனது, உள்ளே மரம் முளைத்தது. பாங்கு இல்லாமல் எத்தனையோ வருடங்கள். பிறகு திரும்பிப் போனவர்கள் என்ன செய்தார்கள்? பற்றையை வெட்டினார்கள், கழுவினார்கள், பாங்கு சொன்னார்கள். யுத்தத்தில் சிதைந்த கோயில்களுக்கு அயலவர்கள் கும்பாபிஷேகம் செய்ய வேண்டியிருந்தது, அது அவர்களின் முறை. நம் ஆட்களுக்கு எதையும் மீட்டெடுக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அந்த இடங்கள் ஒரு நாளும் பள்ளி இல்லாமல் போகவேயில்லை. புறநானூற்றுப் பாட்டின் காட்டுக்கோழி வந்து மிஹ்ராபில் முட்டையிட்டிருந்தாலும், அது பள்ளியில் இட்ட முட்டைதான்.

இவ்வளவு உறுதியான சட்டத்துக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரியாததால் நம் ஊர்களில் வீண் மனக்கசப்பு வருகிறது.

தோட்டப் பகுதிக் கடைவீதிகளில் சின்னச் சின்னத் தொழுமிடங்கள் இருக்கும். கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, பாய் விரித்து, குழாய் ஒன்று போட்டு, வியாபாரிகள் ஐந்து நேரமும் தொழுவார்கள். எங்கள் பக்கத்துக் கடைவீதி ஒன்றில் அப்படி ஓர் அறை இருபது வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தது. எல்லாரும் ‘பள்ளி’ என்றே சொன்னோம். வீட்டுக்காரரின் மக்கள் அறையைத் திரும்பக் கேட்டார்கள். கேட்டது நியாயம், தவணையும் கொடுத்தார்கள். பக்கத்தில் வேறோர் இடமும் கிடைத்தது. கதவில் ஒட்ட அறிவித்தல் எழுத வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். தமிழ் படித்த ஆளென்றால் இதற்கெல்லாம் கூப்பிடுவார்கள். ‘பள்ளிவாசல் மூடப்படுகிறது’ என்று ஒருவர் சொல்லித் தந்ததும் அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது.

“அல்லாட ஊட்டை மூடிய ஏலுமா? ஆரு குடுத்த அதிகாரம்?” என்று ஒரு பெரியவர் எழும்பி நின்றார். “அப்ப வாடகை குடுக்காம இரிக்கியதா நானா?” என்று இன்னொருவர். கடைசியில் ஹஸ்ரத் வந்துதான் சொன்னார்: அது அல்லாஹ்வின் வீடாக ஆக்கப்படவே இல்லை. அறைக்குச் சொந்தக்காரர் அதை வக்ஃபு செய்யவில்லை. வாடகைக்கு இருந்தவர்கள் வக்ஃபு செய்ய முடியாது. தன்னுடையதல்லாததை எவரும் உரிமை விட முடியாது. ஆகவே அது முஸல்லா, தொழுமிடம். அங்கே இஃதிகாப் இருந்திருந்தால் செல்லாது, தஹிய்யதுல் மஸ்ஜித் கிடையாது, குளிப்புக் கடமையானவர் தங்கக் கூடாது என்ற சட்டமும் கிடையாது. ஆனால் தொழுத தொழுகைக்கும் ஜமாஅத்தின் நன்மைக்கும் குறைவில்லை.

பெரியவர் விடவில்லை. “இருவது வருசம் ஸுஜூது செஞ்ச எடம் ஹஸ்ரத், அதுக்கு ஒண்டுமே இல்லியா?” என்றார். ஹஸ்ரத் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, ஸூரா ஸில்ஸாலை நினைவுபடுத்தினார். பூமி அன்று தன் செய்திகளைச் சொல்லும். அந்த அறையின் தரையும் சொல்லும், அதில் நாளைக்கு அரிசி மூட்டை அடுக்கினாலும் சொல்லும் என்றார். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். நான் ‘தொழுகை இடமாற்றம்’ என்று தலைப்புப் போட்டு நான்கு வரியில் அறிவித்தலை முடித்தேன். மூடுதல், நீக்கல் இரண்டும் அதில் இல்லை.

பிரச்சினை ‘பள்ளி’ என்ற நம் சொல்லில்தான் இருக்கிறது. அது எதையும் அணைத்துக்கொள்ளும் சொல். ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடம் பள்ளி. அவற்றுக்கு விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் பள்ளிச்சந்தம். பிறகு அதே சொல் நமது தொழுகைத் தலத்துக்கும் வந்தது, பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் வந்தது. சமயம் விட்டுச் சமயம் இடம்பெயர்ந்த சொல். ஒவ்வொரு தடவையும் பழைய புனிதத்தைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. பேச்சுக்கு இந்தத் தாராளம் நல்லது. நம்பிக்கையாளர் சபையின் கூட்டக் குறிப்பிலும் காணி உறுதியிலும் அது ஆபத்து. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தர்ம நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்ஃபுகள் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. ஓர் இடம் மஸ்ஜிதா, தக்கியாவா, வாடகைத் தொழுமிடமா என்று ஆரம்பத்திலேயே சரியான சொல்லை எழுதி வைத்தால், பேரப்பிள்ளைகள் காலத்தில் வழக்கு வராது.

ஷாபிஈ சட்டம் மட்டுமே இஸ்லாத்தின் குரல் என்று சொல்ல நான் வரவில்லை. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூ யூஸுஃப் நம்மைப் போலவே என்றென்றும் பள்ளி என்கிறார். இமாம் முஹம்மதோ, பள்ளி பாழாகி ஊரும் கைவிட்டால் காணி வக்ஃபு செய்தவருக்கோ அவரது வாரிசுகளுக்கோ திரும்பும் என்கிறார். ஹன்பலீகள் இன்னும் நடைமுறை பார்த்தவர்கள். பள்ளியால் பயன் இல்லாமற் போனால் விற்று அந்தப் பணத்தை வேறு பள்ளிக்கு வைக்கலாம் என்பார்கள். கூஃபாவில் பைத்துல்மாலில் கன்னமிடப்பட்டபோது, பள்ளியை இடம் மாற்றி, பைத்துல்மாலை அதன் கிப்லாப் பக்கத்தில் வைக்குமாறு உமர் (ரழி) ஸஃதுக்கு எழுதினார்கள் என்ற செய்தியை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். தொழுகையாளிகள் நடமாடும் பள்ளிக்கு முன்னால் கள்ளன் வர மாட்டான் என்பது அதன் சூட்சுமம். இங்கும் கவனியுங்கள்: விற்றாலும் மாற்றினாலும் வக்ஃபு அழிவதில்லை, இன்னோர் இடத்தில் போய் உட்கார்கிறது.

குர்ஆனில் ஒரு கட்டடத்தைப் பற்றி ‘அங்கே ஒருபோதும் நிற்க வேண்டாம்’ என்று வந்திருக்கிறது. ஸூரா தவ்பாவின் 107, 108ஆம் வசனங்கள். மஸ்ஜிதுழ் ழிரார் என்று நாம் அறிந்த அதைத் தபூக்கிலிருந்து திரும்பும்போது அழிக்க உத்தரவிடப்பட்டது. இதைப் புனிதம் நீக்கப்பட்டதற்கு உதாரணமாகச் சிலர் சொல்கிறார்கள். வசனத்தை வாசித்தால் அப்படித் தெரியவில்லை. தீங்கிழைக்கவும் பிரிவினை உண்டாக்கவும் எழுப்பப்பட்டது அது. தக்வாவின் மீது அத்திவாரமிட்ட பள்ளியை அதற்கு எதிரே வைத்துக் காட்டுகிறது வசனம். இருந்த ஒன்றை எடுத்த கதையல்ல, ஒருநாளும் இல்லாததை அம்பலப்படுத்திய கதை. அம்பலப்படுத்தியது வஹீ.

2019 மே மாதக் கடைசியில் கெக்கிராவைக்கு அருகே மடாட்டுகமவில் ஊர் முஸ்லிம்களே தங்கள் ஊரிலிருந்த பள்ளி ஒன்றை உடைத்தபோது இந்த வசனம் பலர் வாயில் வந்தது. ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் தடைசெய்யப்பட்ட இயக்கத்தினர் பாவித்த இடம் என்பது காரணம். சம்மட்டி பிடித்தவர்களின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த மாதங்களில் நாங்களும் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் யார் நிர்வகித்தாலும் பள்ளி அல்லாஹ்வுடையது, அதன் கண்ணியத்தில் கை வைக்கக் கூடாது என்ற பொருளில் ஜம்இய்யதுல் உலமா கூறியது, மேலே பார்த்த சட்டத்தின் நேரடியான தொடர்ச்சி. நிர்வாகத்தை மாற்றலாம், கதவைப் பூட்டி வைக்கலாம். ஆனால் ‘இது ழிரார்’ என்று தீர்ப்பெழுத வஹீ இல்லாத நமக்கு எவ்வளவு இடமிருக்கிறது? வக்ஃபு செய்யப்பட்ட காணி என்றால், சுவரை உடைத்த பிறகு கீழே கிடக்கும் மண்ணும் பள்ளிதானே.

நீதிமன்றங்களின் மொழி வேறு. லாகூரின் ஷஹீத் கஞ்ச் பள்ளி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சீக்கியர் கைக்குப் போனது. 1935 ஜூலையில் இடிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1940இல் தீர்ப்பு வந்தது. எதிரிடை அனுபோகத்தால் பள்ளிக் காணியும் போகும், காலக்கெடு தாண்டிவிட்டது என்பது அதன் சாரம். நமது சட்டம் ‘விற்க முடியாது’ என்கிறது. நாட்டுச் சட்டம் ‘வழக்குப் போடப் பிந்திவிட்டாய்’ என்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

மறுதலையாக, இஸ்தான்பூலின் ஆயா ஸோபியாவை 1934 நவம்பரில் துருக்கி அமைச்சரவை அருங்காட்சியகமாக்கியது. 2020 ஜூலை 10ஆம் திகதி அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. சுல்தான் முஹம்மத் ஃபாத்திஹின் வக்ஃபு அதைப் பள்ளியாக விட்டிருக்கிறது, வேறொன்றாகப் பாவிக்க முடியாது என்பது அடிப்படை. அமைச்சரவையின் பேனா வக்ஃபு செய்தவரின் சொல்லை அழிக்காது என்றே ஒரு நவீன நீதிமன்றமும் சொன்னது. நம் ஊர்களில் இனிப்புப் பங்கிட்டார்கள். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் 537இல் திறக்கப்பட்டு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. அவர்களிடமும் எவரும் முறைப்படி அதை நீக்கித் தரவில்லை. ஒரு தடவை ஆனால் ஆனதுதான் என்று நாம் சொல்லும்போது, அதே வாக்கியத்தை எதிர்ப்பக்கத்து வாயிலும் வைத்துக் கேட்டுப் பார்ப்பது தமிழ் படித்தவனின் பழக்கதோஷம்.

பொருள்களுக்கு வந்தால் சட்டம் இளகுகிறது. நைந்துபோன பள்ளிப் பாய்களையும், எரிக்க மட்டுமே உதவும் உடைந்த மரங்களையும் விற்கலாம் என்பதே சரியான கருத்து என்று அதே ‘மின்ஹாஜ்’ சொல்கிறது. நிலத்துக்கு ஒரு நீதி, பாய்க்கு ஒரு நீதி. மலையகத்துப் பழைய பள்ளிகள் திருத்தப்படும்போது மரங்களை ஏலம் போடுவார்கள். வாங்கியவர் அதை அடுப்பில் வைப்பதற்கும் தடையில்லை. ஆனாலும் கழிப்பறைக் கதவுக்கு மட்டும் போட மாட்டார். கத்தோலிக்கச் சட்டம் எழுதி வைத்த ‘இழிவல்லாத பாவனை’யை நம் ஆட்கள் எழுதாமலேயே கடைப்பிடிக்கிறார்கள்.

கஃபாவின் கிஸ்வா பற்றி ஓர் அறிவிப்பு உண்டு. கஃபாவின் திறப்புக்குப் பொறுப்பாயிருந்த ஷைபா, ஆயிஷா (ரழி) அவர்களிடம் வந்து, பழைய போர்வைகளைக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம், துப்புரவில்லாதவர்கள் உடுத்துவிடக் கூடாதே என்று சொன்னார். நீங்கள் செய்தது நல்லதல்ல என்றார்கள் அன்னையவர்கள். கஃபாவிலிருந்து கழற்றிய பிறகு மாதவிடாய்ப் பெண் உடுத்தினாலும் குற்றமில்லை. விற்று ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றார்கள். உலகத்தில் அதைவிடக் கண்ணியமான துணி வேறில்லை. ‘கழற்றுதல்’ என்ற ஒரே வினையில் அது உடுப்பாகிவிட்டது.

குர்ஆன் எழுத்து மட்டும் இப்படிக் கழலாது. கிழிந்த முஸ்ஹஃபுத் தாள்களை உஸ்மான் (ரழி) அவர்களின் செயலை முன்வைத்து எரிக்கலாம், எழுத்துப் போகும்படி கழுவலாம், மிதிபடாத இடத்தில் புதைக்கலாம். எங்கள் சின்ன வயதில் சாக்கில் கட்டிப் பதுளு ஓயாவுக்குக் கொண்டுபோவார்கள். “ஆத்துல விட்டுட்டு வந்தோம்” என்பார்கள். கரகத்துக்கு அயல்வீட்டார் சொல்லும் அதே வினை. நோக்கம் வேறு. அங்கே யாரும் வழியனுப்பப்படவில்லை. காலில் படாமல் காப்பாற்றுவதே நோக்கம். இப்போது ஆற்றில் விட்ட தாள் அடுத்த பாலத்தடியில் பிளாஸ்டிக் போத்தல்களோடு ஒதுங்குகிறது. ஆகவே எரித்துச் சாம்பலைப் புதைப்பதே நல்லது என்று எங்கள் ஹஸ்ரத் சொல்லியிருக்கிறார். ஓதப்போன இடத்தில் பலகையில் எழுதிய ஆயத்தைக் கழுவிய தண்ணீரை லெப்பை கண்ட இடத்தில் ஊற்ற விடமாட்டார், பூமரத்தடிக்குத்தான் போகும்.

எங்கள் பாடசாலையில் இஸ்லாம் படிப்பிக்கும் ஆசிரியை கரும்பலகையில் ஆயத்தை எழுதினால், பாடம் முடிந்ததும் டஸ்டரை எடுப்பதில்லை. ஈரத் துணி கொண்டுவரச் சொல்லித் துடைத்து, துணியைப் பின்பக்கத்து ஜம்பு மரத்தடியில் பிழிந்துவிட்டு வருவார். அடுத்த பாடம் எனக்கு. “போர்ட் அழிச்சாச்சா டீச்சர்?” என்று கேட்டால், “கழுவியாச்சு சேர்” என்பார்.